ரிம் அழகாக இருந்தால் போதுமா? காருக்குப் பொருந்த வேண்டாமா?

குளுவாங், சிம்பாங் ரெங்கம் பக்கமிருந்து ஜொகூர் பாருவை நோக்கி வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வருபவர்களுக்கு செடெனாக் தெரிந்த ஊர்தான். ஒரு காலத்தில் தோட்டம் என்றாலே செடெனாக். இன்றும் செம்பனை இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்திலேயே தொழில்நுட்பப் பூங்காவும் தரவு மையக் கட்டடங்களும் எழும்பிவிட்டன. கூலாய், செனாய், ஸ்கூடாய் என்று படிப்புக்கும் வேலைக்கும் தினமும் போய்வர வேண்டிய நம் இளைஞர்களுக்கு இங்கே சொந்த வாகனம் ஆடம்பரம் அல்ல, தேவை.

அந்தத் தேவையோடு ஓர் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட முன்பகுதி கொண்ட ஸ்போர்ட்ஸ் கூப்பே கார் ஒன்றைப் பழைய விலையிலாவது வாங்கிவிட வேண்டும் என்பதே அது. 1996-இல் புரோட்டோன் புத்ரா வெளிவந்த காலத்து இளைஞர்களுக்கும் இந்த ஆசை இருந்தது. இன்று அந்த இடத்தில் டொயோட்டா 86 நிற்கிறது. காரை வாங்கியதும் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது ரிம்மில்தான். சம்பளப் பணத்தில் ஒரு செட் ரிம், நான்கு டயர் வாங்கி மாட்டிவிட்டால் கார் வேறு கார்போல ஆகிவிடும்.

“போட்டுப் பாருங்க தம்பி, எல்லாம் இறங்கும்” என்று கடையில் சொல்வார்கள். ரிம் ஸ்டட்டில் இறங்குவதும் காருக்குப் பொருந்துவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு டேப், ஒரு கால்குலேட்டர், படிவம் மூன்று கணிதம் ஆகியவை போதும்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம்

உதாரணத்துக்கு 2012-இல் அறிமுகமான முதல் தலைமுறை டொயோட்டா 86. இது டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய கார். சுபாரு பி.ஆர்.இஸட். இதன் இரட்டைப் பிறவி. 17 அங்குல ரிம்முடன் வந்த 86-இன் அளவுகள் இவை: ரிம் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் +48, ஸ்டட் வட்டம் 5×100, நடுத்துளை 56.1 மி.மீ., நட் எம்12×1.25, டயர் 215/45 ஆர்17.

இந்த வரியில் எந்த எண்ணை மறந்தாலும் பணம் வீணாகும். சில எண்களை மறந்தால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்டட் வட்டம்: 14 மில்லிமீட்டர் செய்யும் வேலை

5×100 என்றால் ஐந்து ஸ்டட்டுகள், அவற்றின் மையங்கள் வழியாக வரையும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. என்று பொருள். இதைத்தான் கடைக்காரர்கள் பி.சி.டி. என்கிறார்கள். நம் சாலைகளில் ஓடும் மைவியும் சாகாவும் 4×100. பெரிய ஜப்பானியக் கார்களில் பல 5×114.3. ஆகவே பழைய ரிம் கடையில் அடுக்கி வைத்திருப்பதில் அதிகமானவை இந்த இரண்டு வகைதான். 5×100 தேடித்தான் எடுக்க வேண்டும்.

“86” என்ற பெயரே 1983-இல் வந்த கொரோலா ஏ.இ.86 காரின் நினைவாக வைக்கப்பட்டது. ‘இனிஷியல் டி’ பார்த்தவர்களுக்கு அந்தக் கார் நன்றாகத் தெரியும். ஆனால் பழைய ஏ.இ.86-இன் ரிம் 4×114.3. பேரனின் காலில் தாத்தாவின் செருப்பு ஏறாது.

ஐந்து துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகள் இல்லாததால் வட்டத்தை நேராக அளக்க முடியாது. இங்கே முக்கோணவியல் உதவுகிறது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 58.8 மி.மீ. வந்தால் அது 100. 67.2 மி.மீ. வந்தால் அது 114.3. வட்டத்தின் மையத்திலிருந்து அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்குக் கோடு வரைந்தால் இடையில் 72 பாகை. அதில் பாதியான 36 பாகையின் சைன் மதிப்பிலிருந்துதான் இந்த 1.701 பிறக்கிறது. வகுப்பில் “இது எதற்கு சார் உதவும்?” என்று கேட்டவர்களுக்கு டயர் கடையில் விடை கிடைக்கும்.

இதில் மிகவும் ஏமாற்றக்கூடியது 5×112 ரிம். பல ஜெர்மன் கார்களுடையது. 114.3 ஸ்டட்டில் அதைத் தள்ளி நட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் வளைந்த நிலையில் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் அந்த இரும்பு வளைந்து நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

நடுத்துளையும் நட்டும்

ரிம்மின் நடுவில் உள்ள துளை, காரின் ஹப் மீது சரியாக உட்கார வேண்டும். வெளிச்சந்தை ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிய துளையுடன், பெரும்பாலும் 73.1 மி.மீ. அளவில் வருகின்றன. 86-இன் ஹப்போ 56.1 மி.மீ. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். விலை மலிவான இந்த வளையத்தைப் போடாமல் விட்டால் ரிம் மையத்திலிருந்து இம்மியளவு விலகி உட்காரும். பிறகு 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் அது தீராது. நடுத்துளை ஹப்பைவிடச் சிறியதாக இருந்தால் அந்த ரிம் உங்களுடையது அல்ல.

நட்டிலும் ஒரு பொறி உண்டு. மற்ற டொயோட்டாக்களில் பொதுவாக இருப்பது எம்12×1.5 மரை. 86 சுபாருவின் வழியில் வந்ததால் அதன் மரை 1.25. “டொயோட்டா நட்தானே” என்று எடுத்து முறுக்கினால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் மரை சிதைந்திருக்கும். நட் எப்போதும் கையால் பல சுற்று சுலபமாக ஏற வேண்டும். அதன் பிறகே ஸ்பேனர்.

நட்டின் அடிப்பகுதி வடிவத்தையும் பாருங்கள். கூம்பு வடிவமும் உண்டு, உருண்டை வடிவமும் உண்டு. ஹொண்டாவின் அசல் ரிம்கள் உருண்டை வகை. வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலானவை கூம்பு வகை. ஒன்றை இன்னொன்றில் போட்டால் தொடும் பரப்பு ஒரு கோடு அளவுக்குக் குறைந்து, ஓடஓட நட் தளரும்.

ஆஃப்செட்: உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு?

ரிம்மின் அகலத்துக்குச் சரிநடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பைத் தொடும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ அதுவே ஆஃப்செட். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும். குறைந்தால் வெளியே வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். அசல் ரிம் 7 அங்குலம், அதாவது 177.8 மி.மீ. பாதி 88.9. ஆஃப்செட் 48-ஐக் கழித்தால் வெளிப்பக்கம் 40.9 மி.மீ. கூட்டினால் உள்பக்கம் 136.9 மி.மீ.

ஒரு நண்பர் 8.5 அங்குல அகலம், +35 ஆஃப்செட் உள்ள 18 அங்குல ரிம் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி அகலம் 107.95. வெளிப்பக்கம் 72.95, உள்பக்கம் 142.95. அதாவது சக்கரம் வெளியே 32 மி.மீ. நீட்டும், உள்ளே 6 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கும். கார் நிற்கும்போது படத்தில் பிரமாதமாக இருக்கும். நான்கு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டின் விளிம்பு டயரை அறுக்கும்.

அதற்கு மாறாக 7.5 அங்குலம், +45 ரிம்மை எடுத்தால் வெளியே 9 மி.மீ., உள்ளே 3 மி.மீ. மட்டும் மாறும். பார்வைக்கும் நிறைவு, காருக்கும் தொல்லையில்லை. இரண்டாம் தலைமுறை 86-க்கு டொயோட்டாவே கொடுத்த 18 அங்குல ரிம் 7.5 அங்குலம், +48. தயாரித்தவர்களே எந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது நமக்கு நல்ல வழிகாட்டி.

பிரேக்கையும் மறக்க வேண்டாம். ரிம்மின் கம்பிகள் உட்பக்கம் எப்படி வளைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து, அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் கேலிப்பரில் முட்டக்கூடும். இதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டி, கையால் சுழற்றிப் பார்ப்பதே வழி.

டயரின் மேல் எழுதியிருப்பது என்ன?

215/45 ஆர்17 என்பதில் 215 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 45 விழுக்காடு என்பதைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று வகை அளவுகள். இதனால்தான் பலர் குழம்புகிறார்கள்.

முழு டயரின் விட்டம் எவ்வளவு? பக்கச்சுவர் 215 × 0.45 = 96.75 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 193.5. ரிம் 17 × 25.4 = 431.8. மொத்தம் 625.3 மி.மீ.

இப்போது 18 அங்குலத்துக்கு மாறுகிறீர்கள். 215/40 ஆர்18 போட்டால் விட்டம் 629.2 மி.மீ., வித்தியாசம் ஒரு விழுக்காடுகூட இல்லை. 225/40 ஆர்18 போட்டால் 637.2, ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதல். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று 235/45 ஆர்18 போட்டால் 668.7 மி.மீ. இது ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். வேகமானி 110 காட்டும்போது கார் உண்மையில் 117-ஐத் தாண்டி ஓடக்கூடும். சமன் கேட்கும்போது “மீட்டர் 110 தானே காட்டியது” என்ற பதில் செல்லாது. விட்டம் 3 விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது என்பது டயர் தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல்.

அடுத்து 87 டபிள்யூ போன்ற குறி. 87 என்றால் அந்த ஒரு டயர் 545 கிலோ வரை சுமக்கும். டபிள்யூ என்றால் 270 கி.மீ. வேகம் வரை தாங்கும். நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனாலும் காருக்குக் குறிப்பிட்டதைவிடக் குறைந்த சுமை எண் உள்ள டயரை வாங்கவே கூடாது. ஏற்றிய சுமை கூடும்போது டயரின் உட்பகுதி சூடேறும். டயர் வெடிப்பதற்கு அந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம்.

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று தனியாக இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். பூக்கள் புத்தம் புதிதாக இருந்தாலும் ரப்பர் வயதாகிக் கெட்டிப்படும். “புது டயர்” என்று கடைக்காரர் சொன்னால், இந்த எண்ணைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

அகலம் கூடினால் பிடிப்பும் கூடுமா?

காய்ந்த சாலையில் ஓரளவு கூடும். ஆனால் ஜொகூரில் பிற்பகல் மழை எப்படிக் கொட்டும் என்பது நமக்குத் தெரியும். சாலையில் தேங்கும் நீரை டயர் ஒதுக்கித் தள்ள வேண்டும். முடியாதபோது டயர் நீரின்மேல் மிதக்கும். அந்த நேரம் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாத மாதிரிதான். அகலமான டயர் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் விரைவில் மிதக்கும்.

விமான டயர்களை வைத்து அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1960-களில் ஒரு சூத்திரம் கண்டார்கள். டயர் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், பூ தேய்ந்த டயர் ஆழமான நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் கி.மீ. கணக்கில் கிடைக்கும். 36 பி.எஸ்.ஐ. என்றால் வர்க்கமூலம் 6, வேகம் ஏறத்தாழ 100 கி.மீ. காற்று 25-க்கு இறங்கிவிட்டால் வர்க்கமூலம் 5, வேகம் 83 கி.மீ. மட்டுமே. நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110 என்பதை நினைத்துப் பாருங்கள். ஆழமான பூ இந்த எல்லையைத் தள்ளிப்போடும், தேய்ந்த பூ அருகே கொண்டுவரும். பூவின் இடையே 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. 86-இன் தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதா, இந்தக் காருக்கு வேண்டுமென்றே அகலம் குறைந்த டயரைத் தேர்ந்தெடுத்தார். பிடிப்பு அளவோடு இருந்தால்தான் ஓட்டுநர் காரின் அசைவை உணர முடியும் என்பது அவர் எண்ணம். அகலமான டயர் போடாதது அவருக்குத் தெரியாததால் அல்ல.

ரிம்மின் எடையும் பேசும். சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவும், காரை நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டிய கிலோ. சுழற்சி நிலைமம் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது என்று ஆறாம் படிவ இயற்பியலில் படிக்கிறோம். கனமான 19 அங்குல ரிம் போட்ட கார் அசல் காரைவிடச் சோம்பலாக ஓடுவது இதனால்தான். மேலும், பக்கச்சுவர் குறையக் குறைய குழியின் அடி நேரே ரிம்முக்குப் போகும். தோட்டப் பாதையிலும் லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த சாலையிலும் தினமும் ஓட்டுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அசலும் நகலும்

புகழ்பெற்ற ஜப்பானிய ரிம்மின் வடிவத்தை அப்படியே பார்த்துச் செய்த நகல்கள் சந்தையில் ஏராளம். வடிவம் ஒன்றாக இருக்கலாம், உலோகம் ஒன்றாக இருக்காது. ஜப்பானியத் தர அடையாளமான ஜே.டபிள்யூ.எல்., சோதனை மையத்தின் அடையாளமான வி.ஐ.ஏ. ஆகியவை ரிம்மில் வார்க்கப்பட்டிருக்கும். வளைவு, சுமை, மோதல் சோதனைகளில் தேறிய ரிம்முக்கு உரிய முத்திரைகள் இவை. முத்திரையையும் போலியாக வார்க்க முடியும் என்பதால், விற்பவர் யார், ரசீது தருகிறாரா என்பதும் முக்கியம். பழைய ரிம் என்றால் உட்பக்கத்தைப் பாருங்கள். வெடிப்பும் பற்றவைத்த தழும்பும் அங்கேதான் ஒளிந்திருக்கும். புதுப் பெயின்ட் அடித்த பழைய ரிம்மிடம் கூடுதல் சந்தேகம் தேவை.

டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஜே.பி.ஜே. அதிகாரிகள் நிறுத்தக்கூடும். காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்து நடந்த பிறகு விளக்கம் சொல்வது கடினம்.

பால் வெட்டிய கை, டயர் படிக்கும் கண்

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்ரி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அதே 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் மலாயாவின் ரப்பர் தோட்டங்களும், அவற்றுக்காகக் கப்பலேறி வந்த நம் முன்னோர்களும் நிற்கிறார்கள். உலகக் கார்கள் ஓடிய டயரில் அவர்கள் விடியற்காலையில் வெட்டிய பால் இருந்தது. ஆனால் அந்த டயரைப் பற்றிய படிப்பு அவர்களுக்கு எட்டவில்லை.

இன்று எட்டுகிறது. கார் மீது ஆசை உள்ள மாணவர்கள் அதை வெறும் செலவாக விட்டுவிட வேண்டியதில்லை. வாகனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் நிலை 1 முதல் 3 வரை, அதன் பிறகு டிப்ளோமா, உயர் டிப்ளோமா என ஐந்து நிலைகள் உண்டு. எஸ்.பி.எம். தேர்ச்சி சுமாராக இருந்தவர்களுக்கும் இந்தப் பாதை திறந்திருக்கிறது. இயந்திரப் பொறியியல் படிக்க விரும்புபவர்களுக்கு ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆஃப்செட் கணக்கை ரசித்துப் போட முடிந்தவர், பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவராக மட்டும் நின்றுவிடத் தேவையில்லை.

பணம் கொடுக்கும் முன்

கடைக்குப் போகும்போது காரின் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அசல் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். பிறகு இந்த வரிசையில் கேளுங்கள்:

1. ஸ்டட் வட்டம் ஒன்றாக இருக்கிறதா?

2. நடுத்துளைக்கு வளையம் உண்டா?

3. நட்டின் மரையும் அடிவடிவமும் சரியா?

4. அகலம், ஆஃப்செட் கணக்கில் சக்கரம் உள்ளே, வெளியே எவ்வளவு நகரும்?

5. டயரின் விட்டம் 3 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா?

6. சுமை எண் அசலுக்குக் குறையாமல் இருக்கிறதா? செய்த வாரம் எது?

7. ரிம்மில் தர முத்திரை, கையில் ரசீது இரண்டும் உண்டா?

ஏழுக்கும் பதில் சரியென்றால் மாட்டச் சொல்லுங்கள். நட்டை நட்சத்திர வரிசையில், காரின் கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடித்துவிட விடாதீர்கள். நான்கு பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, வேகத்தடை ஒன்றில் மெதுவாக ஏறி இறங்குங்கள். உரசும் சத்தம் கேட்டால் அந்த ரிம்மைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. சத்தம் இல்லையென்றால் அலைன்மென்ட் பார்த்து, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதியுங்கள். உங்களோடு காரில் ஏறப்போகும் அம்மாவும் தங்கையும் ஆஃப்செட் என்றால் என்னவென்று கேட்கமாட்டார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நம்பித்தான் ஏறுவார்கள்.